நாட்பெய்டு துரை

கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பும் இந்தப் பக்கம் முத்தந்துறையும் இருந்து, இரண்டுக்கும் நடுவே தோணியும் கடுதாசியும் மட்டும் போய்வந்துகொண்டிருந்த காலத்தில், ஓர் ஐப்பசி மாதத்துக் காலையில், எங்கள் ஊர்ப் போஸ்ட்மாஸ்டர் ஆறுமுகநயினார் பிள்ளை தூத்துக்குடியிலிருந்து வந்த தபால்பையின் அரக்கை உடைத்து மேசைமேல் கவிழ்த்தபோது, ஒன்றிரண்டு மணியார்டர், மாதாகோவில் சுவாமியாருக்கு வந்த சபைப் பத்திரிகை, உப்பளத்து ஏஜெண்டுக்கு வந்த பழுப்புக் கவர் இவற்றோடு, எட்டாக மடித்த ஒரு வெள்ளைக்காரரும் விழுந்தார். விழுந்தவர் தானே மடிப்பு மடிப்பாகப் பிரிந்து எழுந்து, முழங்கால்வரை தொங்கிய கறுப்புக் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, காதோரத்து நரைமீசையைத் தடவிச் சரிசெய்து, பிள்ளைக்கு ஒரு கும்பிடு போட்டார். நெற்றியில் ஏடன் முத்திரை, கன்னத்தில் ரங்கூன், இரண்டு கையிலும் பினாங்கு. நெஞ்சில் தமிழில் விலாசம்: இன்னாசியம்மாள், ரபேல் மச்சாது பெஞ்சாதி, முத்தந்துறை. இடது தோளில் மையால் வரைந்த ஒரு மீன். பிள்ளை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவரை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டாம்பைத் தேடுகிறார். ஸ்டாம்பு எங்கேயும் இல்லை.

“இம்புட்டுக் கனத்துக்கு நாட்பெய்டா!” என்றார் பிள்ளை. அவருக்கு வருத்தம் அது ஒன்றில்தான்.

நாட்பெய்டு என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் தெரியும். ஸ்டாம்பு ஒட்டாமல் போட்ட கடுதாசியும் வந்துசேரும், ஆனால் வாங்குகிறவர் இரட்டைக் கூலி கட்டவேண்டும், கட்ட மனசில்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அது எழுதினவருக்கே திரும்பிப் போகும். சர்க்கார் இப்படி ஒரு வாசலைத் திறந்துவைத்தால் எங்கள் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? எங்கள் ஆட்களைப் பற்றி நானே சொல்லக்கூடாது, எண்ணெய் தொடாமல் மீன் பொரிக்கத் தெரிந்தவர்கள். கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போன ஆம்பிளைகள் ஸ்டாம்பில்லாமல் வெறும் தாளை மடித்துப் போடுவார்கள், ஓரத்தில் ஒரு படம் இருக்கும். மீன் என்றால் நல்லா இருக்கேன். நங்கூரம் என்றால் உடம்புக்கு ஆகவில்லை. தோணிப்பாய் என்றால் அடுத்த தோணியில் வாறேன். தபால்காரர் தொம்மை கடுதாசியை நீட்டுவார், வீட்டுக்காரி வாங்கி ஓரத்தைப் பார்ப்பாள், கண்ணில் ஒற்றிக்கொள்வாள், “வேண்டாம்ணே, திருப்பி அனுப்பிருங்க” என்பாள். சர்க்காருக்குச் செலவு, எங்களுக்குச் சேதி. உள்ளே இருக்கிற தாளை யாரும் பிரித்ததும் இல்லை, பிரிக்கவேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

இன்னாசியம்மாளும் அப்படித்தான் செய்துவந்தாள். மெலிந்த உடம்பு, அளந்து பேசும் வாய், பிள்ளையில்லை, வலை முடிந்து பிழைப்பு. அவள் புருஷன் ரபேலின் மீன் மட்டும் மற்றவர்கள் மீனைவிட அழகாக இருக்கும், செதிலெல்லாம் போட்டு, வாலைக் கொஞ்சம் வளைத்து, நீந்திக்கொண்டு வந்தது மாதிரி வரைந்திருப்பான். போன வருஷத்து மழைக்கு முன்னால் அப்படி ஒரு மீன் வந்தது, அவள் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினாள், அதற்கப்புறம் ஒன்றுமே வரவில்லை. கொழும்பிலிருந்து வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள், ஒருத்தரும் கண்ணால் பார்த்ததைச் சொல்லவில்லை. வருஷம் ஒன்று ஓடிவிட்டது, சாவுமணி அடித்து ஒரு பூசையும் வைத்துவிடலாம், அந்த ஆத்துமா மோட்ச வாசலில் நின்றுகொண்டிருந்தால் பாவம் என்று சுவாமியார் ஆள்விட்டார். இன்னாசியம்மாள் கோவிலுக்கே போய், “மீன் போட்ட மனுசனுக்கு எப்படி சாமி மணி அடிப்பீங்க?” என்று கேட்டாள். சுவாமியார் மணிப் பேச்சை விட்டுவிட்டார். அவள் தாலியோடு இருந்தாள், இராத்திரிக்கு ஒரு ஆளுக்கு அதிகமாக உலை வைத்தாள், விடிந்ததும் அதைப் பழையதாகத் தானே குடித்தாள்.

அந்த இன்னாசியம்மாள் வீட்டுக்குத்தான் தொம்மை துரையைக் குடை பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அவள் கதவைத் திறந்தாள். நெற்றியைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்க்கவில்லை, நேரே தோளைப் பார்த்தாள். செதில் போட்ட மீன், வால் வளைந்த மீன். இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் எந்தக் கடுதாசிக்கும் சொல்வதையே இதற்கும் சொல்லி, கதவைச் சாத்திவிட்டாள். துரை தொப்பியைக் கழற்றி மூடின கதவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தொம்மைக்குப் பின்னால் நடந்தார். அவருக்கு அது பழக்கம்தான் போல.

மறுத்த கடுதாசியை அனுப்பினவருக்குத் திருப்பவேண்டும், இதுவோ முன்னமே ஒரு தடவை திரும்பிப் போய், அப்புறம் அங்கே ஆளில்லாமல் ஊரூராய்ச் சுற்றி மறுபடி வந்தது. ஆகவே தவணை முடிகிறவரை ஆபீசில் வைத்திருந்து, அதற்குள் யாரும் கூலி கட்டாவிட்டால் சென்னையிலுள்ள டெட் லெட்டர் ஆபீசுக்கு அனுப்பவேண்டும் என்று பிள்ளை ரூல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். செத்த கடுதாசிகளுக்கு என்று சர்க்கார் ஒரு ஆபீஸ் வைத்திருப்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். துரையைக் கருவாடு அடைக்கிற கிட்டங்கியின் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள், ஒரு சிப்பம் நெத்திலி கனம்கூட இல்லை. கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார்கள். ஊர் திரண்டு வந்து பார்த்தது. முதல் நாள் திருவிழா, மறுநாள் வேடிக்கை, அதற்கப்புறம் “துரை சாப்பிட்டாரா?” என்ற விசாரிப்பு, அவ்வளவுதான். எங்கள் ஊர் எதற்குமே ரொம்ப நாள் வாய்பிளக்காது, வாயில் ஈ போய்விடும்.

அவருடைய பெயர் டங்கன் மக்காஸ்கில். அது எங்கள் வாயில் நுழையாமல் மக்கா துரை ஆகிவிட்டது, கிழவர்கள்கூட “என்ன மக்கா” என்று கூப்பிட்டுப் பேசினார்கள். சோறு இறங்காது, மைதா மாவுப் பசையைக் கொஞ்சம் தொட்டுக்கொள்வார். காற்றில் ஈரம் ஏறினால் அவருடைய ஓரமெல்லாம் நைந்து முத்திரைகள் கசியும், ஆகையால் கருவாடு விற்கிற பிரகாசி தணல்சட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள், வைத்துவிட்டு ஒருநாள் முதுகுப்பக்கம் எட்டிப் பார்த்து, “எங்கயோ எண்ணெய்த் தலைய சாச்சிருக்கார், இம்மாம்பெரிய கறை, வெள்ளைக்காரனுக்கு யாரு தலைக்கு எண்ணெய் வச்சுவிட்டா?” என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். துரையின் தமிழ் உலகத்துக் கவர்களின் மேலே எழுதியிருந்த தமிழ். ஆண்களை மகாராஜராஜஸ்ரீ என்பார், பெண்களை ஸ்ரீமதி அம்மாள் அவர்கள் என்பார். கருவாட்டுக் கூடையோடு நின்ற பிரகாசியையும் அப்படிக் கூப்பிட்டார், அவள் அன்றைக்கு முழுக்க யாரோடும் சண்டை போடவில்லை.

கேட்டவர்களுக்கெல்லாம் தன் கதையைச் சொன்னார். ஸ்காத்லாந்து தேசத்தில் எங்கள் ஊரைப் போலவே மீன் நாற்றமடிக்கிற துறைமுகம் ஒன்றிருந்து, அந்த ஜனங்கள் அவரை லண்டன் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்களாம். அந்தக் காலத்தில் கடுதாசி வாங்குகிறவர்தான் கூலி கொடுக்கவேண்டும், தூரம் ஏற ஏறக் கூலி ஏறும், மகன் தூரதேசம் போகப் போக அவன் பேச்சு தாய்க்கு எட்டாத விலைக்குப் போய்விடும். அந்த மீன்காரிகளும் கவரின் ஓரத்துப் புள்ளியையும் கோட்டையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்களாம். “அடப்பாவி, நம்ம களவாணித்தனம் அங்கயும் இருந்திருக்கே” என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். துரை அதைப் பார்த்துவிட்டுச் சபையில் எழுந்து நின்று, எவ்வளவு தூரமானாலும் ஒரே மலிவான கூலி, அதையும் அனுப்புகிறவரே கட்டவேண்டும் என்று வருஷம் தவறாமல் பேசினார். மெம்பர்கள் சிரித்தார்கள், தூங்கினார்கள், வெற்றிலை இல்லாத ஊரானதால் பொடி போட்டார்கள். கடைசியில் அது நடந்தது, பேரை வேறு யாரோ தட்டிக்கொண்டு போனார்கள். காசில்லை என்பதற்காக ஒரு கடுதாசியும் திரும்பக்கூடாது என்று சபையில் வாக்குக் கொடுத்திருந்தாராம். செத்த பிறகும் வாக்கு வாக்குதானே, ஆகவே ஆளில்லாமல் அலைகிற கடுதாசிகளை ஒவ்வொன்றாக உடுத்திக்கொண்டு, சேரவேண்டிய வாசலுக்குச் சுமக்கிற வேலை அவர் தலையில் விழுந்தது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சலிப்பே இல்லை, எங்களுக்குத்தான் ஐயோ பாவம் என்றிருந்தது.

நல்ல மனுசர் கையில் கிடைத்தால் எங்கள் ஊர் உறிஞ்சாமல் விடுமா? தோணித் தகராறுக்கும் உப்பளத்துக் கூலிக்கும் அவரிடம் இங்கிலீஷில் மனு எழுதி வாங்கினோம். பார்லிமெண்டு மெம்பர் ஓரத்தில் கையெழுத்துப் போட்டால் கடுதாசி ஸ்டாம்பில்லாமல் போகும் என்று ஒரு காலத்தில் சட்டம் இருந்ததாம். அதை அவர் வாய்தவறிச் சொன்னதுதான் தாமதம், ஊரே கவரைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டது. அதை மட்டும் அவர் செய்யவில்லை. பணக்காரன் கடுதாசி சும்மா போகும், ஏழை கடுதாசி நாட்பெய்டில் சாகும், அந்தச் சலுகையை ஒழிக்கத்தான் தொண்டை கிழியக் கத்தினேன், என் கையாலேயே அதை எழுப்பமாட்டேன் என்று கையைக் கோட்டுப்பைக்குள் விட்டுக்கொண்டார். பிழைக்கத் தெரியாத மனுசன் என்று சொல்லிக்கொண்டே கலைந்தோம். இருந்தாலும் அன்றையிலிருந்து அவரிடம் பேசும்போது எங்கள் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

இத்தனை செய்தோமே, ஒருத்தராவது அவருக்கான கூலியைக் கட்ட நினைத்தோமா என்றால், இல்லை. எங்கள் பழக்கம் அப்படி. மேலே எழுதியிருப்பதைப் படித்துக்கொள்வோம், உள்ளே இருப்பதை வேண்டாம் என்போம். தவணை முடிய வந்து, மழை வானம் கறுத்து, துரையை மறுபடியும் எட்டாக மடித்துப் பையில் போடவேண்டும் என்று பிள்ளை பெருமூச்சு விட்டபோதுதான் எங்களுக்குச் சுருக்கென்றது. பிரகாசி சேலைத்தலைப்பை ஏந்திக்கொண்டு தெருத்தெருவாய்ப் போனாள். சுவாமியார் கொடுத்தார், உப்பளத்து ஏஜெண்டு கொடுத்தார், தொம்மை வீட்டுக்குத் தெரியாமல் கொடுத்தார். ஆனால் விலாசக்காரி சம்மதிக்காமல் வேறு யார் கட்டினாலும் செல்லாது என்றார் பிள்ளை. பிரகாசி காசைக் கொண்டுபோய் இன்னாசியம்மாள் முன்னால் வைத்தாள். இன்னாசியம்மாள் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், எனக்குக் காசு இல்லாமல் இல்லை என்று சொல்லித் தன் பெட்டியைத் திறந்து காட்டினாள். கூலி துணியில் முடிந்து தயாராக இருந்தது. அதை அவள் போன வருஷமே முடிந்து வைத்திருந்தாளாம். பிரகாசி காசைத் தலைப்பில் முடிந்துகொண்டு திரும்பினாள். காசுதான் தடை என்று நாங்களும் நினைத்திருந்தோம், மக்கா துரையும் நினைத்திருந்தார்.

பை கட்டுகிற அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் ஓலைப்பாயும் தணல்சட்டியுமாகத் துரையைச் சுற்றி நின்றோம். அவருடைய ஓரங்கள் நைந்துகொண்டிருந்தன, தோளில் மீனின் செதில் ஒன்றிரண்டு கரைந்தே விட்டன. அரக்கு உருகிக்கொண்டிருந்த நேரத்தில் இன்னாசியம்மாள் வாசலில் வந்து நின்றாள். நனைந்திருந்தாள். நாங்கள் வழிவிட்டோம்.

“உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா துரை?” என்று கேட்டாள்.

“பிரிக்கிறவரைக்கும் எனக்கும் தெரியாது, அம்மாள் அவர்களே. மேலே உள்ளதுதான் நான் அறிந்தது.”

“காசுக்காக வேண்டாங்கல. அவிய போட்ட மீன் இருக்கு எனக்கு. பிரிச்சா அது செத்துப் போயிருமோன்னு பயம்.”

துரை தொப்பியைக் கழற்றினார். கன்னத்து ரங்கூன் முத்திரை கசிந்து தாடைக்கு இறங்கியது, அது மழையீரமா வேறு ஏதாவதா என்று நாங்கள் கேட்கவில்லை. “விலை ஒன்றுதான் கதவு என்று எண்ணி ஆயுள் முழுக்க அதையே இடித்தேன். இடிந்தது. பயத்தைக் குறைக்க நான் எந்தச் சபையிலும் பேசவில்லை, அம்மாள் அவர்களே. எனக்குத் தெரியாமல் போயிற்று,” என்றார்.

“சென்னையில இதை யாரு பிரிப்பா?”

“யாரோ ஒரு குமாஸ்தா. விலாசம் தேடிப் பிரிப்பார். கிடைக்காவிட்டால் எரித்துவிடுவார்.”

“அவருக்கு இந்த மீன் தெரியுமா?”

“தெரியாது.”

இன்னாசியம்மாள் முந்தானையிலிருந்து துணிமுடிச்சை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். முன்னப்பின்ன தெரியாத ஆள் கையிலயா அவிய பேச்சு போகணும் என்று, எங்களிடமா தன்னிடமா என்று தெரியாமல் சொன்னாள். பிள்ளை முத்திரை குத்தினார். துரை எழுந்து நின்று, மேல் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கோட்டைத் திறந்தார். உள்ளே சட்டையில்லை, உடம்பில்லை, வெள்ளையாக ஒரு தாளும் அதில் நெருக்கி எழுதிய எழுத்தும்தான் இருந்தது. அவர் வாயைத் திறந்தார், வந்தது ரபேலின் குரல். எங்களோடு கடலுக்குப் போன குரல், பாடற்பூசையில் தப்பாகப் பாடுகிற குரல், அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

“இன்னாசி, நீ இதப் பிரிக்க மாட்ட. மீனப் பாத்துட்டு, கண்ணுல ஒத்திக்கிட்டு, தொம்மையண்ணங்கிட்ட திருப்பிக் குடுத்திருவ. அந்தத் தைரியத்துலதான் எழுதுறேன். எனக்கு நல்லா இல்ல. விசக்காய்ச்சல், இங்க கொத்துக்கொத்தாப் போறாங்க. நங்கூரம் போட்டா நீ கடன ஒடன வாங்கி அடுத்த தோணியில வந்து நிப்ப, வந்தா உனக்கும் ஒட்டிக்கிடும். அதான் மீன் போட்டேன். உங்கிட்ட நான் சொன்ன ஒரே பொய் இந்த மீன்தான், அதையும் முடிஞ்சமட்டும் நல்லா வரைஞ்சிருக்கேன். இது திரும்பி எங்கிட்ட வந்துச்சின்னா நீ பாத்துட்டன்னு தெரிஞ்சுக்கிடுவேன். நீ நிம்மதியாத் தூங்குறன்னும் தெரிஞ்சுக்கிடுவேன். அதுவரைக்கும் கண்ண மூடமாட்டேன், இன்னாசி.”

குரல் நின்றது. இன்னாசியம்மாள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “நான் திருப்பி அனுப்புனேனே, அது போறப்ப அவிய இருந்தாவளா?”

ரங்கூனும் பினாங்கும் துரைக்கு ஞாபகமிருந்தன, கொழும்பில் நடந்ததோ அவர் இந்தக் கடுதாசியை உடுத்துவதற்கு முந்தியது. அவர் கையை விரித்துத் தலை குனிந்தார். அப்படிக் குனிந்தபோது அவருடைய முதுகு அவளுக்கு நேராக வந்தது. பிரகாசி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த எண்ணெய்க்கறை அங்கே இருந்தது, ஒரு மனுசத் தலை பல நாள் அழுந்திக் கிடந்த அகலத்துக்கு. இன்னாசியம்மாள் கிட்டே போய் மோந்து பார்த்தாள். வெந்தயமும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சின எண்ணெய், அவளே காய்ச்சி, அவளே போத்தலில் அடைத்து, தோணி ஏறும்போது அவன் கையில் கொடுத்தது.

“போன வருசம் நான் பாத்தப்ப இந்தக் கறை இல்ல. திரும்பி வந்தத தலமாட்டுல வச்சிருந்திருக்காவ,” என்றாள். அந்தக் கறையில் கன்னத்தை வைத்தாள், அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. எங்களுக்கும் வந்தது. வருஷம் முழுக்க அவள் மனசுக்குள், நான் பிரிக்காமல் விட்டுவிட்டேனே என்று எதைச் சுமந்தாளோ, அது அவனுக்குக் கடைசியாகப் போய்ச்சேர்ந்த பதிலாக இருந்திருக்கிறது. துரை அசையாமல் நின்றார், பார்லிமெண்டில்கூட அவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் சாவுமணி அடித்தது. இன்னாசியம்மாளே கோவில்மணி அடிக்கிற உபதேசியாரிடம் போய் அடிக்கச் சொன்னாள், தாலியைத் தன் கையாலேயே கழற்றிச் செபமாலையோடு வைத்தாள். உள்தாளும் முதுகின் கறையும் அவளிடம் இருந்தன. துரையிடம் மிஞ்சினது கோட்டும் மீசையும்தான். பிள்ளை அவருடைய நெஞ்சில், ரூலில் எங்கேயும் சொல்லாத இடத்தில், பெற்றுக்கொண்டார் என்று சிவப்பு மையில் எழுதினார். துரை அதை வாசித்தார், தொட்டுப் பார்த்தார், பிறகு தானே எட்டாக மடிந்தார். அடுத்து எந்த ஊருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. பிரகாசி பையின் வாயைக் கட்டுவதற்கு முன் பசைக்கிண்ணத்தை உள்ளே வைத்தாள், வழியில் தேவைப்படுமென்று.

மழை விட்டபின் இன்னாசியம்மாள் ஒரு கடுதாசியோடு தபாலாபீசுக்கு வந்தாள். வெளியே ஓரத்தில் ஒரு மீன், செதில் சரியாக வரவில்லை, வால் மட்டும் வளைந்திருந்தது. காசு கொடுத்து ஸ்டாம்பு வாங்கி நக்கி ஒட்டினாள். எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்கு ஸ்டாம்பு ஒட்டிப் போன முதல் கடுதாசி அதுதான். விலாசம், ரபேல் மச்சாது, கொழும்பு. பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். இது திரும்பித்தான் வரும் தாயி, பார்த்தால் உனக்குக் கஷ்டமாக இருக்குமே என்று மெதுவாகச் சொன்னார்.

“வந்தா பாத்துட்டாவன்னு அர்த்தம் அய்யா. வராட்டி வச்சுக்கிட்டாவன்னு அர்த்தம். நீங்க போடுங்க.”

பிள்ளை முத்திரை குத்திப் பையில் போட்டார். அது வரவில்லை.